நான்கு மருந்தும் ஒரு காய்ச்சலும்



நம் இதழில் எந்தப் பக்கத்துக்கு அதிகம் தபால் வருகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வாசகர் கேட்க, வாசகரே பதில் சொல்லும் பக்கம். ஊட்டி, குன்னூர் மட்டுமில்லை; மஞ்சூர், எடக்காடு, சோலூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று நீலகிரி மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனவர்கள்கூட ஊர் நினைப்பில் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். இடம் இருக்கும் வரை அச்சிடுகிறோம். அவற்றில் ஒன்றைக் கட்டம் கட்டி, மேலே 'சிறந்த பதில்' என்று போடுகிறோம்.

கொஞ்ச நாளாக அந்தக் கட்டத்தைப் பற்றியே கடிதங்கள் வருகின்றன. "எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" என்று சிலர் நேராகக் கேட்கிறார்கள். "படித்தவர் எழுதினால்தான் கட்டம் கட்டுவீர்களா?" என்று ஒரு அம்மா வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விகள். ஒரு பதிலைச் சிறந்தது என்று சொல்லும்போது மற்றப் பதில்களைப் பற்றியும் ஏதோ சொல்லிவிடுகிறோம். அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். குந்தா பக்கம் ஒரு ஏக்கருக்கும் குறைவாகத் தேயிலை வைத்திருக்கும் விவசாயி கேட்டிருந்தார்: கொழுந்தெல்லாம் கொப்புளம், மருந்து அடித்தும் நிற்கவில்லை, என்ன செய்யலாம்? கொப்புள நோய் நமக்குப் புதிதில்லை. 1946-ல் தென்னிந்தியத் தேயிலைக்குள் நுழைந்த பூஞ்சை அது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் நம்மோடு இருக்கிறது. இளம் இலையைத்தான் பிடிக்கும். இலை நாள் முழுக்க நனைந்தே கிடந்தால் பரவும், வெயில் அடித்தால் அடங்கும்.

பதில்கள் குவிந்தன. எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், செப்புக் கலந்த பூஞ்சைக்கொல்லியை எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிப்பது என்று அட்டவணை போட்டே அனுப்பியிருந்தார். இன்னொருவர், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிட்டால் வெளிச்சம் இறங்கும், இலை சீக்கிரம் காயும் என்றார். கொழுந்து பறிக்கப் போகும் ஒரு அக்கா ஐந்தே வரி எழுதியிருந்தார்: பறிக்கும் சுற்றைத் தள்ளிப்போடாதீர்கள், கொப்புளம் பெரிதாகி வெடிக்கும் முன் அந்த இலை செடியில் இருக்கக் கூடாது. நான்காமவர், கவாத்து அடித்த செடியாக இருந்தால் மட்டும் பயப்படுங்கள், மற்றச் செடி வெயில் வந்ததும் தானே தேறிவிடும் என்றார்.

நான்கும் உண்மை. சிக்கலே அங்கேதான். ஒன்று சரி, மூன்று தப்பு என்றால் ஆசிரியருக்கு வேலை சுலபம். நான்கும் சரியாக இருக்கும்போது எதைக் கட்டம் கட்டுவது? நூறு ஹெக்டேர் எஸ்டேட்டுக்கு அந்த அட்டவணைதான் பதில். அங்கே ஸ்பிரேயர் உண்டு, ஆள் உண்டு, வாங்கி வைத்த மருந்தும் உண்டு. கேட்டவரிடம் அது எதுவும் இல்லை. கூலி ஆள் கிடைக்கும் நாளில்தான் அவருக்குப் பறிப்பு. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை போடுகிறார்களோ அதற்குள்தான் மருந்துச் செலவும். அவருக்கு அக்காவின் ஐந்து வரியே கைக்கு எட்டும் பதில்.

தமிழில் இந்த விஷயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது, உங்கள் எல்லோருக்கும் தெரியும். செண்பகப் பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று. அதைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். தருமி என்ற ஏழை கொண்டுவந்த பாட்டு மன்னனுக்குப் பிடித்துப் போகிறது. ஏன் பிடித்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மன்னன் தன் மனதில் ஏற்கெனவே ஒரு விடை வைத்திருந்தான். பாட்டு அதையே சொன்னது. கேட்டவருக்குப் பிடித்துவிட்டது என்பதற்காகவே ஒரு பதிலுக்குப் பொற்கிழி கொடுத்துவிடலாமா என்று எழுந்து நின்று தடுத்தவர் சபைப் புலவர் நக்கீரர். கேட்டவரின் தேவைதான் அளவு என்று நான் சொல்ல வந்தாலும், அந்தச் சபையில் நக்கீரருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். கேட்டவரின் திருப்தி ஒன்று, கேட்டவருக்கு உண்மையில் பலித்தது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழியை நம் மலையை மையமாக வைத்தே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற சோதனை அது. ஆனால் ஊட்டியிலிருந்து கூடலூருக்குப் பேருந்தில் போகும் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேரியாவுக்கு இருந்த நம்பகமான மருந்து ஒன்றே ஒன்று, சின்கோனா மரத்தின் பட்டை. நம் தாத்தா பாட்டி 'கொய்னா' என்று முகம் சுளித்தபடி விழுங்கினார்களே, அந்தக் கசப்பு. மரம் வளர்ந்தது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில். அதை இங்கே கொண்டுவர கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை ஆங்கில அரசு அனுப்பியது. 1860 அக்டோபரில் அவர் ஊட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்த கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் எக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டை இனம் 1861-ல் வந்து சேர்ந்தது, அது பிழைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்தான் அதை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. பட்டையை உரித்த இடத்தில் பாசியை வைத்துக் கட்டினால் புதுப் பட்டை வளரும், அதில் மருந்துச் சத்தும் கூடும் என்று கண்டுபிடித்தவர் அவர். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. கூடலூர் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

மரம் வளர்ந்துவிட்டது, பட்டையும் கிடைத்தது. அப்போதுதான் கேள்வி எழுந்தது. சின்கோனாப் பட்டையில் காய்ச்சலைத் தணிக்கும் சத்து ஒன்றில்லை, நான்கு: குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின். ஐரோப்பிய மருத்துவர்கள் குயினைனைத்தான் மருந்து என்று மதித்தார்கள். மற்ற மூன்றும் கழிவு மாதிரி. ஆனால் நம் மலையில் தழைத்த சிவப்புப் பட்டையில் குயினைன் குறைவு, மற்றச் சத்துக்கள்தான் அதிகம். சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான பேர் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். குயினைன் ஒன்றுதான் பதில் என்றால் அந்த விலைக்கு ஏழையால் வாங்க முடியாது. நான்குமே பதில் என்றால் நீலகிரிப் பட்டை போதும்.

1866-ல் சென்னையில் சின்கோனா ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். யாருடைய பெயர் பெரியது, எந்த மருத்துவர் என்ன சொல்கிறார் என்று அது முடிவு செய்யவில்லை. நான்கு சத்தையும் நோயாளிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் நின்றதா இல்லையா, அதுதான் ஒரே அளவுகோல். 2,472 பேரின் கணக்கு இப்படி இருந்தது: குயினைன் 846 பேருக்கு, குயினிடின் 664, சின்கோனின் 559, சின்கோனிடின் 403. நான்கிலுமே நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் குணம். 1,000 பேருக்கு எத்தனை பேரிடம் மருந்து தோற்றது என்று பார்த்தால் குயினைன் 7, குயினிடின் 6, சின்கோனிடின் 10, சின்கோனின் 23.

இந்த எண்களைச் சற்று நேரம் பாருங்கள். கழிவு என்று ஒதுக்கப்பட்ட குயினிடின், மகுடம் சூடியிருந்த குயினைனுக்குச் சமமாக நிற்கிறது. கடைசி இடத்தில் இருக்கும் சின்கோனின்கூட 1,000 பேரில் 977 பேரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. 'சிறந்தது எது' என்று மட்டும் கேட்டிருந்தால் முதல் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்திருப்பார்கள். 'சென்னை மாகாணத்து ஏழைக்கு எது' என்று கேட்டதால், நான்கையும் கலந்து கொடுத்தாலே போதும் என்ற வழி திறந்தது. டார்ஜிலிங் மலையில் மங்பூவில் அப்படி ஒரு கலவை மருந்தையே மலிவாகச் செய்தார்கள். 1892 முதல் வங்காளத்தில் குயினைன் பொட்டலங்கள் காலணா விலைக்குத் தபால் நிலையத்திலேயே விற்கப்பட்டன. மருத்துவமனை இல்லாத ஊரிலும் தபால்காரர் இருந்தார் அல்லவா? மருந்து எது என்பதோடு, அது எந்தக் கதவு வழியாக வீட்டுக்குள் வரும் என்பதையும் யோசித்த யாரோ ஒருவருக்கு நான் மனதுக்குள் ஒரு கட்டம் கட்டுகிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான்கு பதிலும் சமம், யாருக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் முடித்திருப்பேன். முடியவில்லை.

அதே 1865-66 வாக்கில் பொலிவியாவில் மானுவல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் இருந்தார். பட்டை வெட்டுவது அவர் தொழில். ஒரே மாதிரி நிற்கும் மரங்களில் எதில் மருந்து அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகருக்காக அவர் விதை சேகரித்தார். பனியில் பூ கருகிப்போன ஆண்டுகளைப் பொறுத்திருந்து கடந்து, நல்ல மரங்களின் விதையைக் கொண்டுவந்து கொடுத்தார். லெட்ஜர் அதை லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கில அரசு வாங்கவில்லை. நீலகிரியில்தான் மரம் இருக்கிறதே, இது எதற்கு என்பது போல் இருந்துவிட்டார்கள். டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு விதையைச் சொற்பத் தொகைக்கு வாங்கி ஜாவாவில் போட்டார்கள். அந்த மரங்களின் பட்டையில் குயினைன் பத்துச் சதவீதத்தையும் தாண்டியது. 1930-களில் உலகம் உண்ட குயினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்து போனது. மமானி என்ன ஆனார்? விதையை வெளியே கொடுத்தார் என்று ஊரில் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அதிலேயே அவர் உயிர் போனது.

நான் அந்த மனிதரை அடிக்கடி நினைப்பதுண்டு. பட்டம் இல்லை, பதவி இல்லை, கடிதம் எழுதத் தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம். ஆனால் அந்தக் கேள்விக்கு உலகத்தில் அவரைவிட நல்ல பதில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. "படித்தவர் எழுதினால்தான் கட்டம் கட்டுவீர்களா?" என்று கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில்: இல்லை அம்மா. எழுத்துப் பிழையோடு வரும் ஐந்து வரியை, அச்சடித்தது போல் வரும் ஐந்து பக்கத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு படிக்கிறோம். இனியும் படிப்போம். உங்கள் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோம். இந்த விஷயத்தில் உங்கள் கை எவ்வளவு காலம் புழங்கியிருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

ஜாவா ஜெயித்துவிட்டது, நீலகிரிப் பட்டை தோற்றுவிட்டது என்று உலகம் தீர்மானித்த பிறகு 1942 வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. ஒரே பதிலை நம்பியிருந்த நாடுகளுக்கு ஒரே நாளில் குயினைன் நின்றுபோனது. அப்போது தேடி எடுத்தது எதை? நான்கு சத்தும் கலந்த பழைய கலவையை. 1930-களிலேயே சர்வதேச சங்கம் 'டோட்டாகுயினா' என்ற பெயரில் அதைப் பரிந்துரைத்திருந்தது. சென்னை ஆணையம் எழுபது ஆண்டுக்கு முன்பே சோதித்து எழுதி வைத்த அதே எண்ணம்தான். ஒதுக்கிய பதிலை யாரோ குப்பையில் போடாமல் ஏட்டில் வைத்திருந்ததால் தேவைப்பட்ட நாளில் கைக்கு வந்தது.

இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் அது.

1912-ல் வெங்கெபாக் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வணிகர் வருகிறார். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் கோளாறு. மருத்துவர், இதற்கு மருந்தில்லை என்கிறார். வணிகர், எனக்கே நிறுத்தத் தெரியும், கொய்னா சாப்பிட்டால் நின்றுவிடுகிறது என்கிறார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் காலை அதே ஆள் சீரான நாடியோடு வந்து நிற்கிறார். வெங்கெபாக் அதை மறைக்காமல் நூலில் எழுதினார். அதைப் பின்பற்றி 1918-ல் வால்டர் ஃபிரே என்ற மருத்துவர், சின்கோனாவின் சத்துக்களை ஒவ்வொன்றாக இதய நோயாளிகளிடம் சோதித்தார். அங்கே முதலிடம் வந்தது குயினைன் இல்லை, குயினிடின். அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகமெங்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்குக் குயினிடின்தான் கைகண்ட மருந்தாக இருந்தது.

பதில்கள் மாறவே இல்லை. அதே சத்துக்கள், அதே பட்டை. கேள்வி மாறியது, வரிசை மாறிவிட்டது. காய்ச்சலோடு வந்தவருக்கும் இதயப் படபடப்போடு வந்தவருக்கும் ஒரே கட்டத்தைக் கட்டிக் கொடுக்க முடியாது. குன்னூர் தேயிலை ஏலத்தில் வாராவாரம் நடப்பதும் இதுதான். டீக்கடைக்கு வாங்குபவர் டஸ்ட் தேயிலையில் கடுப்பும் நிறமும் தேடுகிறார். வெளிநாட்டுக்கு அனுப்புபவர் ஆர்த்தோடாக்ஸ் இலையில் பனிக்காலத்து மணத்தைத் தேடுகிறார். இருவரில் யாருடைய நாக்கும் தப்பில்லை.

"வாசகர்களையே ஓட்டுப் போடச் சொல்லுங்கள், அதிகம் வாங்கிய பதிலுக்குக் கட்டம் கட்டுங்கள்" என்றும் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஜனநாயகமான யோசனைதான், மறுக்கவே மனம் வரவில்லை. ஆனாலும் மறுக்கிறேன். இதற்கும் காய்ச்சலிலேயே காரணம் இருக்கிறது. மலேரியா எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நூற்றாண்டுக் கணக்கில் படித்தவரும் படிக்காதவரும் சேர்ந்து கைதூக்கிய பதில், சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று என்பது. 1819-ல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நோய்ப்பட்ட ஐரோப்பியர்களுக்கு ஊட்டியின் காற்றே மருந்து என்று அரசுக்கு எழுதி எழுதி இந்த ஊரையே உருவாக்கினார். மேலே வந்தவர்களுக்குக் காய்ச்சல் குறைந்தது உண்மை. காற்று காரணமில்லை, இந்தக் குளிரில் கொசுவின் உடலுக்குள் நோய்க்கிருமி வளர முடியாது, அவ்வளவுதான். பலன் கண்ணுக்குத் தெரிந்ததால் தப்பான காரணத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. 1897-ல் ஊட்டிக்கு விடுப்பில் வந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ், மலையடிவாரத்துச் சீகூர்ப் பள்ளத்தாக்குக்குக் காய்ச்சலைத் தேடியே இறங்கிப் போனார். அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அன்று காலை வரை ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் கெட்ட காற்றுதான் பெருவாரியாக ஜெயித்திருக்கும்.

ஓட்டு, ஒரு பதில் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லும். கேட்டவர் தோட்டத்தில் கொப்புளம் நின்றதா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே இந்த இதழிலிருந்து சில மாற்றங்கள் செய்கிறோம். பதில்கள் வந்த உடனே கட்டம் கட்ட மாட்டோம். எல்லாப் பதிலையும் முதலில் அச்சிடுவோம். கேட்டவர் அவற்றில் தனக்கு முடிந்ததைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று எங்களுக்கு எழுத வேண்டும். தேயிலை என்றால் ஒரு பருவம் ஆகலாம், கேரட் என்றால் மூன்று நான்கு மாதம் ஆகலாம். ஆகட்டும், அவசரமில்லை. அவர் எழுதிய பிறகுதான் கட்டம். அதன் மேலே வெறுமனே 'சிறந்த பதில்' என்று இருக்காது. 'ஒரு ஏக்கருக்குள் தேயிலை வைத்திருப்பவருக்குப் பலித்த பதில்' என்பது போல, யாருக்கு, எங்கே, எந்த நிலையில் என்பதும் சேர்ந்தே இருக்கும். தலைப்பு நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மருந்து, பூச்சிக்கொல்லி, குழந்தையின் உடம்பு ஆகியவை பற்றிய பதில்களை, தெரிந்தவர்களிடம் காட்டாமல் அச்சிட மாட்டோம். பயிர் விஷயத்துக்குக் குன்னூரிலேயே தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உடல்நலத்துக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். நக்கீரருக்கு ஒதுக்கிய நாற்காலி அது. ஒரு பதிலை நிறுத்தி வைத்தால் ஏன் என்று எழுதியவருக்குத் தனியே கடிதம் போடுவோம். உங்களை அவமதித்ததாக நினைத்துவிடாதீர்கள்.

கட்டத்துக்குள் வராத பதில்களையும் கேள்விவாரியாக அடுக்கி வைக்கிறோம். ஆண்டு முடிவில் ஒரு தனி இணைப்பாக அவை வரும். இன்னொரு ஊரில் இன்னொருவர் வேறு கோணத்தில் அதே கேள்வியைக் கேட்கும்போது, இன்று இரண்டாவதாக நிற்கும் பதில் அவருக்கு முதலாவதாக இருக்கலாம்.

பதில் எழுதுபவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். எப்படித் தெரியும் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். 'நானே செய்தேன்', 'பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தேன்', 'படித்தேன்', 'எங்கள் பாட்டி சொல்வார்' எதுவானாலும் சரி. பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னது என்றே எழுதினால் அதற்கு மதிப்புக் குறையாது. சோதித்துப் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. கேள்வி கேட்பவர்களும் சற்று விரிவாகக் கேளுங்கள். உங்கள் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர் உண்டா, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், எவ்வளவு செலவு தாங்கும் என்று சொன்னால்தான் பதில் சொல்பவர் உங்கள் மண்ணில் நின்று யோசிக்க முடியும்.

கொப்புள நோய் கேட்ட குந்தா விவசாயி இந்த மாதம் எழுதியிருக்கிறார். பக்கத்து மூன்று குடும்பங்களோடு சேர்ந்து முறை வைத்துப் பறிக்கத் தொடங்கினாராம். ஒருவர் தோட்டத்தில் நால்வரும், அடுத்த நாள் அடுத்தவர் தோட்டத்தில். கூலி ஆளுக்காகக் காத்திருக்காததால் சுற்றுத் தள்ளிப்போவதில்லை, கொப்புளம் கணிசமாகக் குறைந்திருக்கிறது, வரும் ஆண்டு மழைக்கு முன் சில்வர் ஓக் கிளைகளையும் கழிக்கப் போகிறேன் என்கிறார். நான்கு பதிலில் இரண்டை எடுத்து, யாருமே சொல்லாத ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கடிதத்தை 14-ம் பக்கத்தில் முழுமையாகப் படியுங்கள். புது வழக்கப்படி முதல் கட்டம் அதற்குத்தான்.

அடுத்த கேள்வி கோத்தகிரிப் பக்கமிருந்து வந்திருக்கிறது. கேட்பவர் ஒரு அக்கா. அரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டிருக்கிறார். சோலையை ஒட்டிய நிலம், இரவில் காட்டெருமைகள் இறங்குகின்றன. மின்வேலிக்கு வசதியில்லை, பட்டாசு வெடித்து விரட்ட மனமில்லை. மாடு வருவது கீழ்ப்பக்க ஓடை வழியாக, பெரும்பாலும் விடிவதற்கு முன். தகரம் கட்டிப் பார்த்தாராம், இரண்டு வாரத்தில் அவற்றுக்குப் பழகிவிட்டது. வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் 20-ம் தேதிக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்